பொடி வைத்தது

பெண்டிகோவில் இப்போது
மண்ணைத் தோண்டுகிறவர்கள் குறைவு.
செத்தவர்களின் மேசை இழுப்பறையைத்
தோண்டுகிறவர்கள்தான் அதிகம்.

பிஸ்கட் டின்னோடு வருவார்கள்.
ராணியின் முகம் தேய்ந்து
மூக்கு மட்டும் மிஞ்சிய பென்னிகள்,
இருபதாம் ஆண்டோடு
பாதி வெள்ளியாகிப்போன ஷில்லிங்குகள்.
ஒவ்வொருவரும் சொல்வது ஒன்றுதான்:
"ரொம்பப் பழசு."
பழசுக்கு விலை இல்லை என்று
ஒரு நாளில் எத்தனை முறை சொல்வது?

செவ்வாய்க்கிழமைகளில் நான் மட்டும்.
முதலாளி டெஸ்மண்ட் முதுகுக்கு
ஊசி குத்திக்கொள்ளப் போவார்.
அவர் எழுதி ஒட்டியிருக்கும் சட்டம்
கல்லாவுக்கு மேலே:
துளையிட்டது, வளையம் வைத்தது, துலக்கியது
எல்லாம் உருக்கு விலை.

அன்று எமல்டா வந்தாள்.
கோழித் தொழிற்சாலையின் இரவு வேலை முடித்து,
தலைவலை கட்டிய தடம் நெற்றியில் அப்படியே.
அக்கா தங்கை மூன்று பேர்
ஒரு காசுமாலையை அறுத்துக்கொண்டதில்
இவள் பங்கு நான்கு.
ஜிப் பையைக் கண்ணாடிமேல் வைத்து,
என் பெயர்ப்பட்டையை ஒருமுறை படித்து,
தமிழிலேயே கேட்டாள்:
"பவுன் என்ன ரேட்டு போகுது?"

நமக்குப் பவுன் என்றால் எடை.
எட்டு கிராம், அதோடு கதை முடிந்தது.
அந்த எடைக்குப் பெயர் கொடுத்த நாணயம்
எட்டைத் தொடாது;
இரண்டு சென்டிகிராம் குறையும்.
என் தராசோ
எட்டு புள்ளி மூன்று ஒன்று என்றது.
மிச்சம் வளையம்; வளையத்தைப் பிடித்திருக்கும்
தட்டான் வைத்த பொடி.

மூன்று காசுகளில் எழுத்தில்லை.
லண்டன். லண்டனுக்குத்
தன் பெயரைப் போட்டுக்கொள்ளத் தேவையில்லை.

நான்காவதில்,
குதிரைக் குளம்புக்குக் கீழே,
தரைக்கோட்டின் நடுவில்,
எள்ளில் பாதி அளவு
ஒரு எம்.

வருடம் பார்த்தேன்.
உருப்பெருக்கியைத் துடைத்துவிட்டு
மறுபடி பார்த்தேன்.
இருபத்திரண்டு.

அந்த வருடம் மெல்பர்னில்
ஆறு லட்சத்துக்கு மேல் அடித்தார்கள்.
அடித்தென்ன,
பெட்டகத்தில் கிடந்து கிடந்து
கட்டிகளாக உருகியவைதான் ஏராளம்.
தப்பியது நல்ல நிலையில் கிடைத்தால்
ஒரு கார் வாங்கலாம்,
பழைய டொயோட்டாதான், ஆனாலும் கார்.

சொன்னேன்.
"அப்போ இது?"
"வளையம் வைத்ததால் உருக்கு விலை."
"அறுத்து எடுத்துட்டா?"
"விளிம்பில் தழும்பு நிற்கும்.
ராஜா தலைக்கு மேலே."

யாரோ ஒரு தட்டான்
எந்த ஊர்ப் பட்டறையிலோ
ஊதுகுழலால் ஊதி
ஒரு காரைக் கரைத்துவிட்டான்
என்றுதான் முதலில் தோன்றியது.
பிறகு யோசித்தேன்.
வளையம் இல்லாமல் அது
பெட்டகத்துக்குத் திரும்பியிருந்தால்?
கழுத்தில் கிடந்ததால் அல்லவா
உலைக்குப் போகவில்லை!
டெஸ்மண்டின் சட்டத்தில்
இதற்கு வரி கிடையாது.

"எம்முன்னா என்னங்க?"
"மெல்பர்ன்."
சிரித்துவிட்டாள்.
"ரெண்டு மணி நேர ரயிலு!
அதுக்கா தூத்துக்குடி வரைக்கும் வந்து
எங்க வீட்டுப் பொண்ணுங்க கழுத்துல தொங்கிச்சு?"

மூன்றை விற்றாள். வாடகை முன்பணத்துக்கு.
நான்காவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து,
"இது ஜார்ஜியார்தானே,
பாம்பைக் குத்துறவரு?" என்றாள்.
சங்கிலியைக் கழற்றி,
மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில்
அவரையும் கோத்துக்கொண்டு
பேருந்துக்கு ஓடினாள்.
வளையம் சரியாகப் பொருந்தியது.

மதியம் டெஸ்மண்ட் அழைத்தார்,
முதுகில் ஊசிகளோடு குப்புறக் கிடந்த குரலில்:
ஏதாவது வந்ததா?

"மூன்று லண்டன்," என்றேன்.